தையல் ஓவியமாகுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். மறைந்த என் அப்பத்தாவின் சுங்குடிச் சேலைகளைக் கிழித்து, கேன்வாஸில் தைத்து, மேலே அக்ரிலிக் தீட்டுகிறேன். நான் யார் என்று என்னையே கேட்டுக்கொள்ள இதுதான் வழியாகத் தெரிகிறது. இது கைவேலை, ஓவியமல்ல என்கிறார்கள். தங்கள் கருத்தென்ன?

ம., மதுரை

அன்புள்ள ம.,

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் 1930-இல் பிறந்த கறுப்பின ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட், அமெரிக்காவின் இனப் பகையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தவர். 1972-இல் ஆம்ஸ்டர்டாமில், துணியால் ஓரம் கட்டிய திபெத்தியத் தங்கா ஓவியங்களைக் கண்ட பிறகே மரச்சட்டத்தை விட்டுவிட்டுத் தம் ஓவியங்களுக்குத் துணிக்கரை வைக்கத் தொடங்கினார். அவற்றைத் தைத்துக் கொடுத்தவர், ஆடை வடிவமைப்பாளரான அவருடைய தாய் வில்லி போசி. சட்டமில்லாத ஓவியத்தைச் சுருட்டி, யார் தயவுமின்றித் தாமே தூக்கிச் செல்லலாம் என்ற நடைமுறைக் காரணமும் இருந்தது (எனக்கு மிகவும் பிடித்த காரணம் இதுதான்). 1980-இல் தாயும் மகளும் சேர்ந்து ஹார்லெம் மக்களின் முகங்களைக் கொண்டு முதல் ஒட்டுத்துணிப் போர்வையைச் செய்தார்கள். மறு ஆண்டே தாய் இறந்தார். தன்வரலாற்றை வெளியிட ஆள் கிடைக்காதபோது, ரிங்கோல்ட் 1983 முதல் கதைகளைப் போர்வைகளிலேயே எழுதலானார். ‘டார் பீச்’ (1988) என்ற படைப்பில் நடுவே அக்ரிலிக், சுற்றிலும் துணித்துண்டுகள், கூடவே எழுத்து; ஹார்லெம் மொட்டைமாடியில் படுத்திருக்கும் சிறுமி பாலத்துக்கு மேலே பறக்கிறாள். அது இன்று நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை உங்களுக்கான சான்றிதழாகச் சொல்லவில்லை. ரிங்கோல்டின் எள்ளுப்பாட்டி அடிமையாக இருந்து எசமானர்களுக்குப் போர்வை தைத்தவர். அதே வேலையைப் பேத்தி தன் கதைக்காகச் செய்யும்போது, அந்தத் துணி இல்லாமல் அந்தப் படமே இல்லை. உங்கள் கடிதத்தில் நான் தயங்கியது இங்கேதான். அது அப்பத்தாவின் சேலை என்பது உங்களுக்குத் தெரியும், படத்தின் முன் நிற்பவருக்குத் தெரியாது. அதே இடத்தில் கடையில் வாங்கிய வேறொரு புள்ளித் துணியைத் தைத்தால் படம் எதையாவது இழக்குமா? இழக்காதென்றால் அது வெறும் அலங்காரம். முடிச்சிட்ட இடத்தில் சாயம் ஏறாமல் நின்றதே சுங்குடிப் புள்ளி. அதன்மேல் அக்ரிலிக்கைப் பூசி மூடிவிட்டால் எதற்குச் சுங்குடி?

கைவேலையா ஓவியமா என்ற வழக்கை மற்றவர்களிடமே விட்டுவிடுங்கள். அடுத்த சேலையைக் கிழிக்குமுன் முழுதாக விரித்து, அப்பத்தா தம் கையால் ஒட்டுப் போட்ட இடம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வெட்டாதீர்கள். படம் முடிந்ததும் எனக்கொரு புகைப்படம் அனுப்புங்கள்.