ஆடிவேல் இரதப் படங்களில் கருங்கோடுகள்

கொழும்பு செட்டியார் தெருவில் 1/1000 செக்கனில் நீங்கள் எடுத்த ஆடிவேல் விழா இரதப் படங்களில் கோடுகள் விழுந்தமைக்குக் கமராவின் பழுது காரணமாக இருக்க வாய்ப்பில்லை. இலத்திரனியல் ஷட்டரை விடுத்துப் திரை உண்மையாகவே திறந்து மூடும் பொறிமுறை ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 ஆகக் குறையுங்கள்.

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. இலத்திரனியல் ஷட்டர், ஒளியைப் பதியும் சென்சரை வரிவரியாக வாசிக்கையில் அந்த மங்கல்களே கோடுகளாகப் பதிகின்றன. 1/100 செக்கனில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு மினுக்கலின் ஒளி கிடைப்பதால் கோடுகள் மறையும்.

வீட்டில் அத்தகைய விளக்கொன்றை இரு வேகங்களிலும் பத்துப் படங்கள் வீதம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரத விளக்குகள் வேறு அதிர்வெண்ணில் மினுங்கினால் 1/100 உதவாமற் போகலாம். தவிர, அந்த வேகத்தில் காவடி ஆடுவோரின் கால்கள் கலங்கும். எனக்கு அது பிடிக்கும், காசு தருபவருக்குப் பெரும்பாலும் பிடிக்காது.