லாபம் ஏட்டில், கல்லா காலி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வியாசர்பாடி தொழிற்பேட்டையில், பெரிய கம்பெனிகளுக்குத் தகடு வேலை செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறேன். செலவு 9 லட்சம். இப்போது ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமைக் கூலிக்குத் தண்டல்காரரிடம் போய் நிற்கிறேன். லாபம் வரும் தொழிலில் பணம் எங்கே போகிறது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: உங்கள் பணம் தகடாகவும், பாதி முடிந்த வேலையாகவும், கம்பெனியின் கணக்குப் பிரிவில் கிடக்கும் பில்லாகவும் இருக்கிறது. நீங்கள் எழுதியுள்ளபடி, தகடு வந்து இறங்கியதிலிருந்து பொருள் வண்டியேற 25 நாள், அதன்பின் பணம் வர 80 நாள் ஆகிறது. தகடு வியாபாரி உங்களுக்குத் தரும் தவணையோ 15 நாள்தான். கூட்டிக் கழித்தால் 90 நாள். நாளொன்றுக்கு 30,000 ரூபாய் செலவு என்ற கணக்கில், தோராயமாக 27 லட்சம் ரூபாய் எப்போதும் தொழிலுக்குள் முடங்கியிருக்கும். இதைத்தான் நடைமுறை மூலதனம் என்கிறோம்.

புதிய ஆர்டரால் மாதச் செலவு 12 லட்சமானால், இந்தத் தேவை 36 லட்சமாகிவிடும். கூடுதலாக வேண்டியது 9 லட்சம். கூடுதலாக வரும் லாபமோ மாதம் ஏறத்தாழ 33,000 ரூபாய்தான். அந்த லாபத்தை மட்டும் நம்பினால் இரண்டேகால் ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆர்டர் கூடும்போது கைப்பணம் வற்றுவதன் காரணம் இதுவே. ஜிஎஸ்டி வேறு இருக்கிறது. 10 லட்சம் பில்லுக்கு 18 சதவீதம் வரி 1,80,000 ரூபாய். தகட்டுக்கு 6 லட்சம் கொடுத்திருந்தால், அதன் மேல் கட்டிய வரி 1,08,000 ரூபாயை வரவாகக் கழித்துக்கொள்ளலாம். மீதி 72,000 ரூபாயை, கம்பெனி உங்களுக்குப் பணம் தந்ததோ இல்லையோ, மாதந்தோறும் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

தண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாயிரத்துக்கு ஆயிரம் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருகிறார்கள். நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டுகிறீர்கள். பத்து சதவீத வட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. பத்து சதவீத லாபத்தில் நடக்கும் பட்டறை இதைத் தாங்காது.

கடன் தேடுவதற்கு முன் அந்த 80 நாளைப் பாருங்கள். அதை 60 ஆக்கினாலே, நாளுக்கு 40,000 ரூபாய் செலவு என்ற புதிய அளவில் 8 லட்சம் ரூபாய் விடுபடும். உங்களுக்குத் தேவையான 9 லட்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. பில் தாமதமாவதற்குக் கம்பெனியின் கெட்ட எண்ணம்தான் காரணம் என்றில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் எண் ஒரு இலக்கம் பிசகியிருக்கும். கேட்டில் முத்திரை வாங்கிய டெலிவரி சலான் இணைக்கப்பட்டிருக்காது. அந்த பில் யார் மேசையிலோ மூன்று வாரம் தூங்கும். பொருள் போன மறுநாளே கணக்குப் பிரிவுக்குப் போன் செய்து, பில் பதிவாகிவிட்டதா என்று கேட்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தரப்பட வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆர்டரில் 90 நாள் என்று போட்டிருந்தாலும் 45தான் எல்லை. பொருள் அனுப்புவதற்கு முன்பே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்க வேண்டும். அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். வேலை தரும் வாடிக்கையாளர் மீது, தாமதப் பாக்கிகளுக்கான அரசு இணையதளமான சமாதானில் புகார் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடலாம். மாறாக, வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதியை மரியாதையாக நினைவூட்டுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். கணக்காண்டு முடியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்தப் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள்.

கம்பெனியின் ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாயைத் தாண்டினால், அது, சிறு தொழில்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் இணையதளமான ட்ரெட்ஸில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் பில்லை அவர்கள் அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் வட்டி கேட்டுப் போட்டியிடும். ஓரிரு நாளில் பணம் கைக்கு வரும். கம்பெனி பின்னர் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் வராது. பதிவு செய்துவிட்டு பில்லை ஏற்காமல் இருக்கும் கம்பெனிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

எஞ்சியதற்கு வங்கி. சிறு தொழில்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் நடைமுறை மூலதனக் கடன் தரும் முறை, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு காலத்திலிருந்து நடப்பில் உள்ளது. உங்கள் புதிய விற்பனை ஆண்டுக்கு 1.6 கோடி என்றால், 32 லட்சம் கேட்க வழியுண்டு. விற்பனையில் 5 சதவீதமான 8 லட்சம் உங்கள் கைப்பணமாக இருக்க வேண்டும். அடமானம் இல்லையென்றால், சிறு தொழில் கடன்களுக்கு வங்கியிடம் உத்தரவாதம் தரும் அறக்கட்டளையான சிஜிடிஎம்எஸ்இயின் கீழ் பரிசீலிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் மொத்த வியாபாரம் செய்கிறேன். தீபாவளிச் சரக்கில் 6 லட்சம் ரூபாய்க்கு மிச்சம் இருக்கிறது. குறைத்து விற்றால் நட்டம். வைத்திருக்கலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உள்பாவாடை, வேட்டி, பள்ளிச் சீருடை என்றால் வைத்திருங்கள், சுடிதார் செட், குழந்தைகள் ஃபேன்சி உடுப்பு என்றால் பொங்கலுக்குள் தள்ளிவிடுங்கள், ஆடித் தள்ளுபடி வரை காத்திருக்காதீர்கள். 12 சதவீத வட்டியில் அந்த 6 லட்சம் மாதம் 6,000 ரூபாயைத் தின்கிறது. குடோன் வாடகை தனி. வங்கிக் கடன் இருந்து, நீங்கள் கொடுக்கும் சரக்குப் பட்டியலான ஸ்டாக் ஸ்டேட்மென்டில் பழைய சரக்கை வங்கி கழித்துவிட்டால், கடனில் நீங்கள் எடுக்கக்கூடிய தொகையும் குறைந்துவிடும். இன்னொன்று: அந்தச் சரக்கு குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியது என்றால், மேலே சொன்ன வருமான வரி விதி உங்கள் மீதும் பாயும். மார்ச் 31க்குள் அவர்கள் பாக்கியைத் தீர்க்கவும் இந்தச் சரக்கு பணமாக வேண்டும்.

கேள்வி: நடைமுறை மூலதனத்துக்காக வங்கி தந்த கேஷ் கிரெடிட் கணக்கில் இன்னும் 5 லட்சம் எடுக்கலாம். அதில் லேத் மெஷின் வாங்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கூடாது. லேத் தன் விலையைச் சம்பாதிக்கப் பல ஆண்டுகள் ஆகும். கேஷ் கிரெடிட் சில மாதங்களில் சுழல வேண்டிய பணம். அதே வங்கியில் தவணைக் கடன் கேளுங்கள், மெஷினின் கொட்டேஷனோடு.