150 கஜம் கேட்டு மனு வேண்டாம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

புரட்டாசிச் சனிக்கிழமை திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்கு நடந்துபோய் வந்தோம். இறங்கும்போது அடிவாரத் தோப்புகள் பக்கம் ஒரு வெடிச்சத்தம். பாதையோரப் புதரில் கம்பிச் சுருக்கு ஒன்றும் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் நடைபாதை பக்கம் இத்தனை தூரத்துக்குள் சுடக்கூடாது என்று விதி இருக்கிறதாமே. இங்கும் ஒரு தூரம் நிர்ணயிக்கச் சொல்லி மனு கொடுத்தால் என்ன?

சு.மு., களக்காடு

அன்புள்ள சு.மு.,

மனு கொடுங்கள், ஆனால் தூரம் கேட்டு வேண்டாம். அமெரிக்க தேசியக் காடுகளில் வீடு, முகாமிடம், ஆள் இருக்கும் இடம் இவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக்கூடாது. சாலைக்குக் குறுக்கேயும் சுடக்கூடாது. உரிமம் வாங்கியவர் பருவத்தில் வேட்டையாடலாம் என்பதால் அங்கே அந்த அளவு தேவைப்படுகிறது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையையே தடை செய்துவிட்டது. தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே 31ஆம் பிரிவின்படி குற்றம். 150 கஜம் என்று நாம் கேட்டால், 151ஆவது கஜத்தில் சுடலாம் என்று நாமே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் பிடிக்க வேண்டியது 34ஆம் பிரிவை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி உரிமக்காரர்கள் வனத்துறையிடம் பெயர் பதிய வேண்டும். புது உரிமம் தருவதற்குத் தலைமைக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். களக்காடு, திருக்குறுங்குடி, விக்கிரமசிங்கபுரம் எல்லாமே களக்காடு-முண்டந்துறை சரணாலயப் பகுதியிலிருந்து இந்தத் தூரத்துக்குள் வரும் ஊர்கள். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள், ஆகவே காவல்துறையிடம் பட்டியல் உண்டு. இந்த ஊர்களைப் பொறுத்தவரை வனத்துறைப் பதிவேட்டில் எத்தனை பேர், ஆட்சியர் அலுவலகக் கணக்கில் எத்தனை உரிமம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயர், முகவரி கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று திருப்பிவிடுவார்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் மனுவுக்கு அதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம்.

கள்ளத்தனமாக வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி இந்தக் கணக்கில் வராது என்பது உண்மைதான். அதில் பால்ரஸ் (சின்ன இரும்புக் குண்டு) போட்டுச் சுடுவதால் சிதறிப் போகும். இருட்டில் டார்ச் அடித்து, மின்னும் கண்ணைப் பார்த்துச் சுடுகிறார்கள். அந்த விலங்குக்குப் பின்னால் ஆள் வருகிறாரா என்று பார்க்க வழியே இல்லை. பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்கு யானை, கரடி மட்டும் காரணமல்ல. நேரமாகிவிட்டால் விளக்கை அணைக்காமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். காட்டுக்குள் மங்கலான உடுப்புதான் நல்லது என்றாலும், தோப்போரம் வந்ததும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கட்டும்.

நீங்கள் கேட்டது துப்பாக்கிச் சத்தம்தானா என்பதையும் யோசிக்க வேண்டும். வாழைக்குள் பன்றி இறங்காமலிருக்கப் பட்டாசு போடுகிறவர்கள் உண்டு. மலையடிவாரத்தில் எதிரொலி திசையை மாற்றிக் காட்டும். சத்தம் வந்த பக்கம் போய்ப் பார்க்காதீர்கள். மணியையும், நின்ற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வெடியா, அடுத்தடுத்தா என்பதையும் எழுதுங்கள்.

பன்றியால் ஒரே ராத்திரியில் தோட்டத்தை இழக்கிறவரின் வயிற்றெரிச்சலை நான் சின்னதாக்கவில்லை. அதற்குத்தான் தமிழக அரசு 2025இல் ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். அப்போதும் விவசாயி கையில் துப்பாக்கி இல்லை.

சுருக்கு விஷயம் இன்னும் மோசம், அதற்குச் சத்தமே கிடையாது. பைக் கிளட்ச் வயரை வளையமாக்கி மரத்தூரில் கட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் முள்ளை அடைத்து, விலங்கு அந்த ஒரு சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று பண்ணியிருப்பார்கள். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். அது உயிரோடு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது பக்கத்தில் போகிறவருக்குத்தான் ஆபத்து. வெறும் கம்பிதானே என்று அவிழ்க்காதீர்கள். ஒன்று இருந்தால் வரிசையாக இன்னும் இருக்கும். ஒன்றைக் காணோம் என்றதும் வைத்தவன் மற்றதை இடம் மாற்றிவிடுவான். அதே மாதிரி, கறியோ பழமோ சுற்றின உருண்டை தரையில் கிடந்தால் காலால்கூடத் தள்ள வேண்டாம், அது அவுட்டுக்காயாக இருக்கலாம். கடித்தாலோ மிதித்தாலோ வெடிக்கும். நாயைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

நீங்கள் பார்த்த சுருக்கு இன்னும் அங்கேயேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். படம் எடுத்திருந்தால், அந்த இடத்தின் கூகுள் மேப் குறியோடு வனச்சரகர் அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தெப்பம், பாலம், வளைவு என்று அடையாளம் சொன்னால் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மனுவை அடுத்த வாரம் எழுதலாம், இதை நாளைக்கே செய்யுங்கள்.