போர் தொடுப்பது எந்தச் சூழ்நிலையில் நியாயம்? எதிரி தாக்குவான் என்று நினைத்து முன்கூட்டியே தாக்கலாமா?

நியாயமாகும் சூழ்நிலை உண்டு, ஆனால் மிக அபூர்வம். "வேறு வழியே இல்லை" என்று சொல்லித் தொடங்கிய போர்களில் பெரும்பாலானவற்றில் வேறு வழி இருந்தது. படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே எனக்கு இது வீட்டில் தெரிந்துவிட்டது. என் அம்மாவின் அப்பா ஒரு சொல்தா.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே சொல்தா என்போம். தாத்தாவுக்குப் பாகூர்ப் பக்கம், நெல் விளையும் ஊர். பத்தொன்பது வயதில் சேர்ந்திருக்கிறார். சேர்ந்தது சம்பளத்துக்காக; அதை அவர் மறைத்ததே இல்லை. 1956-இல் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள்; பிரான்சின் ஆட்சியை எதிர்த்து அங்கே விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்.

ஒவ்வொரு ஜூலை 14-ம் தேதியும் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட நம்மூர்க்காரர்களுக்காகக் கட்டியது அது. ஊக்கு குத்தி எல்லாச் சட்டையும் ஓட்டையாகிறது என்று ஆயா இதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். போர் பற்றிக் கேட்டால் மட்டும் தாத்தா பேச மாட்டார். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரே ஒரு முறை சொன்னார்.

மலைக்கிராமம் ஒன்றில் வீடு வீடாகச் சோதனை. துப்பாக்கி பதுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க உத்தரவு. ஒரு வீட்டுக்குள் ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த குதிர். உள்ளே கோதுமை. தாத்தா துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கைக்கு மேல் வரை கையை உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறார். அந்த வீட்டுக் கிழவி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"எங்கம்மா குதிருக்குள்ள கைய வுட்ட மாதிரியே இருந்துச்சு பாப்பா. அதே சில்லுனு. அடி வரைக்கும் போனேன். ஒண்ணுமில்ல, கோதுமதான்."

அதற்கு மேல் சொல்லவில்லை. அல்ஜீரியாவிலிருந்து வந்த பிறகு அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் கை விட்டதே இல்லை என்று ஆயா பிறகு ஒருநாள் சொன்னார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 1954 நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். வில்லியனூர் தாண்டிக் கீழூரில் அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள். இரண்டே வாரத்தில் பிரான்ஸ் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டது. அதே நவம்பர் 1-ம் தேதிதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது. ஒரே நாள், ஒரே பிரெஞ்சு அரசு, ஒரே பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸ். இங்கே பேசிக் கைகுலுக்கியவர், பன்னிரண்டாம் தேதி பாரிஸ் பாராளுமன்றத்தில் அல்ஜீரியா பிரான்சின் பிரிக்க முடியாத பகுதி என்று பேசினார்.

புதுச்சேரியிலும் பிரான்ஸ் சும்மா விட்டுவிடவில்லை என்பது உண்மைதான். எல்லையில் இந்தியாவின் நெருக்கடி, உள்ளே போராட்டம், அந்த ஆண்டு மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரான்ஸ் வாங்கிய அடி, எல்லாம் சேர்ந்துதான் பேச்சுக்கு இறங்கி வந்தது. அல்ஜீரியாவில் பத்து லட்சம் ஐரோப்பியர்கள் குடியேறியிருந்தார்கள், இங்கே அப்படி இல்லை. எனக்கு அதெல்லாம் புரிகிறது. ஆனால் எட்டாண்டு கழித்து முடிந்ததும் பேச்சுவார்த்தையில்தானே? 1962 மார்ச்சில் ஏவியான் ஒப்பந்தம், ஜூலையில் அல்ஜீரியா விடுதலை. அதன் பிறகுதான், அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியும் சட்டப்படி முழுமையாக நம்மிடம் வந்தது. நடுவில் செத்தவர்கள் லட்சக்கணக்கான அல்ஜீரியர்கள். பிரெஞ்சுப் படையிலும் இருபதாயிரத்துக்கு மேல். 1954-இல் திறந்திருந்த கதவு வழியாகவே 1962-இல் வெளியே வந்தார்கள்.

அதனால் ஒரு போரைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது: பேச ஆள் இருந்தும் பேசாமல் போனார்களா?

எதிராளி பேசவே மறுத்தால்? அப்போதுதான் கேள்வி கடினமாகிறது. கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் பேசியது, போர்ச்சுகல் கடைசி வரை பேசவில்லை. போர்ச்சுகலை ஆண்ட சலசாரின் அரசு கோவாவைக் காலனி என்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை, தங்கள் மாகாணம் என்றது. 1955 ஆகஸ்ட் 15 அன்று கையில் ஆயுதமில்லாமல் எல்லையைத் தாண்டிய சத்தியாகிரகிகளைச் சுட்டார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஆறு வருடம் பொறுத்துத்தான் 1961 டிசம்பர் 18 அன்று இந்தியப் படை உள்ளே போனது. மறுநாள் சரணடைந்தார்கள். தேர்தல் நெருங்கிய நேரம் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. இருந்தாலும் பதினாலு வருடம் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்த பிறகு நடந்தது அது. நியாயம் என்றுதான் சொல்வேன்.

எனக்குத் தயக்கமே இல்லாத போர் 1971. கிழக்குப் பாகிஸ்தானில் சொந்த ராணுவமே மக்களைக் கொன்றது. ஒரு கோடிப் பேர் வரை அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். இந்திரா காந்தி நாடு நாடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கின. இந்தியாவுக்கு அதில் சுயலாபம் இல்லையா என்றால், இருந்தது. பகை நாடு இரண்டாகப் போவதில் லாபம் இல்லாமலா? ஆனால் டிசம்பர் 16-இல் டாக்காவில் சண்டை முடிந்தது, 1972 மார்ச்சுக்குள் நம் படை திரும்பிவிட்டது. எதற்காகப் போனோமோ அது முடிந்ததும் திரும்பி வருவது பெரிய விஷயம்.

கௌரவம், பழி, நிலம், வியாபாரம் எதுவும் என் கணக்கில் காரணமே இல்லை. அதற்கு எங்கள் கடற்கரையே சாட்சி. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1783 ஜூனில் கடலூரில் தரையிலும் கடலிலும் மறுபடி மோதினார்கள். ஆனால் இங்கிலாந்தும் பிரான்சும் அந்த ஜனவரியிலேயே ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன! செய்தி கப்பலில் வந்து சேரும் வரை இங்கே வெட்டிக்கொண்டு செத்தார்கள், அதில் நம்மூர்ச் சிப்பாய்கள் எத்தனையோ பேர். முடிவெடுப்பவன் ஓரிடம், சாகிறவன் ஓரிடம். சாகிற இடத்தில் யாரையும் கேட்பதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் நியாயமாக இருப்பதால் செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது. அல்ஜீரியர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால் காபிக் கடைகளில் குண்டு வைத்து, உட்கார்ந்திருந்தவர்களைக் கொன்றதை நான் ஏற்க மாட்டேன். பிரெஞ்சு ராணுவம் செய்த சித்திரவதையையும் அதே வாயால்தான் கண்டிக்கிறேன். தாத்தா நல்லவர், தப்பான பக்கம் நின்றார். இரண்டும் உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக முன்கூட்டியே தாக்குவது பற்றி. எல்லையில் படை குவிந்து, இன்றோ நாளையோ பாயப்போகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தால் அது தற்காப்பு. "வருங்காலத்தில் ஆபத்து வரலாம், அவனிடம் ஏதோ இருக்கலாம்" என்று கிளம்புவது தற்காப்பு ஆகாது. 2003 மார்ச்சில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லித்தான் அமெரிக்கா இராக்குக்குள் போனது. அப்போது தாத்தா இருந்தார். காது மந்தமாகிவிட்டதால் டிவியில் படத்தை மட்டும் பார்ப்பார், செய்தி முடிந்ததும் என்னைக் கேட்பார்.

"கெடச்சுதா பாப்பா?"

"இல்ல தாத்தா."

அடுத்த வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தார்.