வகுப்பறையில் செய்ய முடிவதைப் பூங்காவுக்குக் கொண்டுபோக வேண்டாம்

கேள்வி: கோடை விடுமுறையில் எங்கள் பகுதிப் பொதுப் பூங்காவில் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் கலை, இயற்கை முகாம் நடத்தப்போகிறோம். வயது 6 முதல் 12 வரை. போன முறை வண்ணம் தீட்டுதல், காகிதப் பூ, முகமூடி என்று வைத்தோம். ஒரு மணி நேரம் கூடத் தாங்கவில்லை, எல்லாரும் ஊஞ்சல் பக்கம் போய்விட்டார்கள். வெயில் ஒரு பக்கம். இலை, பூ எதையும் பறிக்கக் கூடாது என்ற பூங்கா விதி இன்னொரு பக்கம். இந்த முறை எப்படித் திட்டமிடலாம்? கடைசி நாளில் பெற்றோருக்கு ஒரு கண்காட்சியும் வைக்க வேண்டும்.

பதில்: ஊஞ்சலுக்குப் போன பிள்ளைகள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். காகிதப் பூவையும் முகமூடியையும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இன்னும் வசதியாகச் செய்யலாம். அத்தனை பெரிய இடத்துக்கு அழைத்துவந்து, பாயில் உட்காரவைத்து, மரத்துக்கு முதுகைக் காட்டச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுக்கும்? ஒவ்வொரு செயலையும் சேர்க்கும் முன் 'இதை வகுப்பறையில் செய்ய முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் எடுத்துவிடுங்கள். வெயில், நிழல், மரப்பட்டை, உதிர்ந்த இலை, பறவைச் சத்தம் இவற்றில் ஒன்றாவது இல்லாவிட்டால் நடக்காத வேலைகள் மட்டும் மிஞ்சட்டும்.

அடுத்தது நேரம். பத்து மணிக்குத் தொடங்கும் முகாம் பாதி தோற்றுப்போன முகாம். விடிந்த கையோடு தொடங்கி, வெயில் ஏறும்போது நிழலுக்குள் வந்து, உச்சிக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெப்பம் மட்டும் இதற்குக் காரணமில்லை. பறவைகள் அதிகம் கத்துவது விடியலில். சிலந்தி வலையில் பனித்துளி இருப்பதும் அப்போதுதான். உடல் சூடாகும்வரை பட்டாம்பூச்சியால் பறக்க முடியாது. அதிகாலையில் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதைப் பக்கத்தில் நின்று வரைய அந்த அரைமணி நேரம்தான் வாய்ப்பு.

முதல் நாள் பென்சிலும் தாளும் போதும். வண்ணப்பெட்டியை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரு செடியைப் பார்த்தபடி, தாளைக் குனிந்து பார்க்காமல், பென்சிலைத் தூக்காமல் இரண்டு நிமிடம் வரையச் சொல்லுங்கள். எல்லாருடைய படமும் கோணலாகத்தான் வரும். 'எனக்கு வரைய வராது' என்று ஒதுங்கும் பிள்ளைக்கு அங்கே பெரிய விடுதலை. அதன்பின் அதே செடியைத் தாளையும் பார்த்து வரையட்டும். இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்பது அந்த இரண்டாம் படத்தில் தானாக வந்திருக்கும். நீங்கள் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கயிறு கொடுங்கள். தரையில் ஒரு மீட்டர்க்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் பதிவு செய்வதுதான் வேலை: எறும்பு, சருகு, முளைவிட்ட விதை, பிளாஸ்டிக் துண்டு உட்பட. தாவரங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்களின் முறையே இது. மர நிழலில் ஒரு சதுரம், திறந்த புல்வெளியில் ஒன்று என்று இரண்டு குழுக்கள் செய்து ஒப்பிட்டால் பேச்சு ஓயாது. சின்னவர்களுக்கு ஒலி வரைபடம். தாளின் நடுவில் 'நான்' என்று ஒரு புள்ளி. கண்ணை மூடி ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, எந்தச் சத்தம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் வந்தது என்று குறிக்க வேண்டும். குயிலும் வரும், ஸ்கூட்டர் ஹாரனும் வரும். ஹாரனை அழிக்கச் சொல்லாதீர்கள்.

இனி உங்கள் விதிப் பிரச்சினை. பறிக்கக் கூடாது என்பது நல்ல விதி. அதற்குள்ளேயே நிறைய இடம் இருக்கிறது. மரப்பட்டையில் தாளை ஒட்டிப் பிடித்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பட்டையின் வடிவம் அப்படியே தாளில் ஏறும். ஐந்து மரத்துப் பட்டைகளை இப்படி எடுத்து, எது எந்த மரம் என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மரங்களை நோக்கி ஓட்டமாக ஓடுவார்கள். முசுறு எறும்பு ஏறும் மரமா, கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைப்பது அவசியம். உதிர்ந்த இலையின் அடிப்பக்கத்தை மேலே வைத்துத் தேய்த்தால் நரம்பு தெளிவாக வரும். மேல்பக்கம் வைத்தால் மங்கல்.

பச்சை இலை கட்டாயம் தேவைப்படும் வேலைகளுக்குப் பூங்காத் தோட்டக்காரரிடம் பேசுங்கள். கிளைகளைக் கழிக்கும் நாள் எதுவென்று கேட்டு, முகாமை அதையொட்டி வைத்துக்கொண்டால் குப்பைக்குப் போகும் இலை கூடை கூடையாகக் கிடைக்கும். முகாம் நடத்துபவர்களில் பலருக்கு அவரிடம் கேட்கத் தோன்றுவதில்லை. எந்தச் செடி எப்போது பூக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. ஒரு நாள் அவரையே அரைமணி நேரம் பேசச் சொல்லுங்கள்.

ஐந்து நாளில் பிள்ளைகள் அதிகம் வியக்கப்போவது சூரிய அச்சாகத்தான் இருக்கும். ரசாயனம் பூசிய தாளில் வெயில் பட்ட இடம் நீலமாகும் சயனோடைப் முறை இது. 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிவெடுக்கத் தொடங்கிவிட்டார், கேமரா தேவைப்படவில்லை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். இதைப் பெரியவர்கள் கையுறை போட்டு முந்தைய இரவே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் பூசிய தாளாகவே வாங்கிவிடலாம். தாளின்மேல் உதிர்ந்த இலை, இறகு, புல்லை அடுக்கி, மேலே கண்ணாடி வைத்துக் கிளிப் போட்டு வெயிலில் காட்டுங்கள். கண்ணாடி அழுத்தாத இடத்தில் விளிம்பு மங்கிவிடும், ஆகவே தடித்த இலை வேண்டாம். கையால் பூசிய தாளுக்கு நல்ல வெயிலில் ஐந்து முதல் பதினைந்து நிமிடம். கடையில் வாங்கியதற்கு அதைவிடக் குறைவு. முதலில் ஒரு துண்டில் சோதித்துவிடுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த தாள் சாம்பல் நிறத்துக்குப் போனதும் எடுத்து, மஞ்சள் சாயல் போகும்வரை தண்ணீரில் அலச வேண்டும். நீலம் தண்ணீருக்குள் எழும்பி வரும் அந்தக் கணத்தைப் பார்க்க இருபது தலைகள் ஒரே வாளிக்குமேல் குனியும், ஆகவே இரண்டு வாளியாவது வையுங்கள்.

ரசாயனமே வேண்டாம் என்றால் மஞ்சள் பொடி இருக்கிறது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து வடித்துத் தாளில் பூசினால், வெயில் பட்ட இடம் மெல்ல வெளுக்கும், இலை மறைத்த இடம் மஞ்சளாகவே நிற்கும். இதற்குச் சில மணி நேரம் ஆகும். காலையில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது எடுக்கலாம். சோடா உப்புக் கரைசலைத் தடவினால் எஞ்சிய மஞ்சள் செம்பழுப்பாக மாறும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது, அதைக் கரைக்கும் வேலை பெரியவர்களுடையது.

சங்குப்பூ உதிர்ந்து கிடந்தால் வெந்நீரில் ஊறவைத்து நீலச் சாயம் எடுங்கள். அதைத் தாளில் பூசிவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் நனைத்த தூரிகையால் அதன்மேல் வரைந்தால் கோடு ஊதா கலந்த இளஞ்சிவப்பாக வரும்; சோடாக் கரைசலில் வரைந்தால் பச்சைப் பக்கம் சாயும். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்புக்கு ஒரு நிறம், சோடா போன்ற காரப்பொருளுக்கு ஒரு நிறம் காட்டுவதுதான் காரணம்.

ஒரு நாளாவது மாலையில் வைக்க முடிந்தால் பூக் கடிகாரம் செய்யலாம். பத்து மணிப்பூ வெயில் ஏறியதும் விரியும், அந்திமந்தாரை மாலையில், பவளமல்லி இரவில் விரிந்து விடியலில் உதிரும். எந்தப் பூ எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று வட்டமாக வரைந்து குறிக்க வேண்டும். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-இல் இப்படி ஒரு பூக் கடிகாரத்துக்கான பட்டியலைத் தந்திருக்கிறார். உங்கள் பூங்காவின் பட்டியல் வேறாக இருக்கும், அதைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும்.

எச்சரிக்கைகள் சில. முதல் நாளுக்கு முன்பே பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு, ஊமத்தையும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குன்றிமணி அழகாக இருப்பதால் ஒட்டுவேலைக்குப் பொறுக்கிவருவார்கள். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விதை அது. முகாமில் அதற்கு இடமில்லை. ஒவ்வாமை தரும் களைச்செடியான பார்த்தீனியம் இருக்கும் பக்கம் போகவே வேண்டாம். தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குடிக்கவையுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே நிழலில் படுக்கவைத்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்; பேச்சு குழறினாலோ மயங்கினாலோ, உடலைக் குளிர்விப்பதை நிறுத்தாமல் ஆம்புலன்ஸை அழைத்துவிட வேண்டும்.

கண்காட்சிக்கு மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், கம்பியும் கட்ட வேண்டாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பருத்திக் கயிறு, துணி மாட்டும் கிளிப், அவ்வளவுதான். ஒவ்வொரு படத்தின் கீழும் பிள்ளையின் பெயரோடு எந்த மரத்தடி, எத்தனை மணி என்றும் எழுதிவையுங்கள். பெற்றோர் படத்தைப் பார்த்துவிட்டு அந்த மரத்தைத் தேடிப் போவார்கள். கோணல் படங்களைச் சரியான படங்களின் பக்கத்திலேயே மாட்டுங்கள். சங்குப்பூ ஓவியமும் மஞ்சள் அச்சும் வெயிலில் நிறம் போய்விடும், அவற்றை அடர்ந்த நிழலில் தொங்கவிட்டு, வீட்டில் புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லி அனுப்புங்கள். நீல அச்சு கொஞ்சம் தாங்கும். அதுவும் வெயிலில் மங்கினால் சில நாள் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் பழைய நீலம் திரும்பிவிடும்.