கேள்வி–பதில்: பாயிலரில் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால்?

கேள்வி: எங்கள் வீடு லண்டன் ஹாரோவில், மேல்மாடியோடு சேர்த்து இரண்டு தளம். கேஸ் பாயிலரை எடுத்துவிட்டு மின்சார பாயிலர் வைத்திருக்கிறோம். குளிர் தொடங்கியதிலிருந்து அழுத்தம் காட்டும் முள் 0.5 பாருக்குக் (அழுத்தத்தின் அளவு) கீழே இறங்கி, பாயிலர் தானாகவே நின்றுவிடுகிறது. வாராவாரம் தண்ணீர் ஏற்றுகிறேன். எங்கேயும் ஒழுகுவதாகத் தெரியவில்லை. இப்படியே ஏற்றிக்கொண்டிருக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: கூடாதும்மா. ரேடியேட்டர்களில் ஓடுவது மூடிய சுற்று, ஒரே தண்ணீர்தான் வருஷக்கணக்கில் சுற்றிவர வேண்டும், அது குறைகிறதென்றால் எங்கோ வெளியே போகிறது. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு புதுத் தண்ணீரோடும் ஆக்சிஜனும் உள்ளே போய் இரும்பு ரேடியேட்டரை உள்ளிருந்தே அரிக்கும், அந்தத் துரு கருப்புச் சேறாகி அடியில் தங்கும், பம்பையும் கெடுக்கும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு வேறு அதிகம், உங்கள் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே சுண்ணாம்பு பாயிலரில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டிலும் படியும்.

பாயிலர் நின்றுவிடுவது கோளாறு அல்ல, தண்ணீர் இல்லாமல் எலிமென்ட் எரிந்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு. ஆறியிருக்கும்போது முள் 1-லிருந்து 1.5 பாருக்குள் இருந்தால் சரி, சூடானதும் 2 வரை ஏறலாம். 3 பாரைத் தொட்டால் சேஃப்டி வால்வு திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும்.

உங்கள் வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது எக்ஸ்பான்ஷன் வெசலைத்தான். தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 2 சதவீதம் பெருகும், சுற்றில் 100 லிட்டர் இருந்தால் கூடுதலாக 2 லிட்டருக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது வெசலுக்குள் ரப்பர் திரைக்குப் பின்னால் இருக்கும் காற்று. காற்று இறங்கிவிட்டால் சூடாகும்போது முள் விறுவிறுவென 3-க்குப் போகும், வால்வு திறக்கும், தண்ணீர் சுவரைத் துளைத்து வெளியே போகும் செம்புக் குழாய் வழியாகக் கொட்டும், மழை ஈரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆறியதும் பார்த்தால் முள் கீழே கிடக்கும். நீங்கள் மறுபடி ஏற்றுவீர்கள், அது மறுபடி கொட்டும்.

அதனால் இன்று ராத்திரியே ஹீட்டிங் ஓடும்போது முள்ளைக் கவனியுங்கள், வெளியே அந்தக் குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வையுங்கள். காலையில் பையில் தண்ணீர் இருந்தால் அந்த வழியாகத்தான் போகிறது. பிளம்பரை அழைத்து, பாயிலரை நிறுத்தி ஆறவிட்டு, சுற்றின் அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகு வெசலில் காற்றை அளக்கச் சொல்லுங்கள். கார் டயரில் இருப்பது போன்ற வால்வுதான், வழக்கமாக 0.75–1 பார், உங்கள் பாயிலரின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். அந்த வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் திரை கிழிந்துவிட்டது, வெசலையே மாற்ற வேண்டும். பலமுறை திறந்த சேஃப்டி வால்வில் அழுக்கு சிக்கிச் சரியாக மூடாது, சொட்டிக்கொண்டே இருக்கும், அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பாயிலரின் மூடியை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம், உள்ளே முழு மின்சாரம் இருக்கிறது.

பை காய்ந்தே இருந்து, சூட்டிலும் முள் அதிகம் ஏறாவிட்டால் கசிவுதான். கேஸ் பாயிலர் என்றால் உள்ளே ஓட்டை விழுந்து, கேஸ் எரியும்போது உண்டாகும் நீரை வெளியேற்றும் கண்டென்சேட் குழாய் வழியாகத் தண்ணீர் தெரியாமலே வடிந்துபோகலாம். மின்சார பாயிலரில் அந்தக் குழாயே கிடையாது, அந்த ஒரு சந்தேகம் குறைந்தது. ரேடியேட்டர் வால்வுகளின் நட்டுகளில் டிஷ்யூவைச் சுற்றிவையுங்கள். சூட்டில் சொட்டு காய்ந்துவிடும், ஆனால் பச்சையாகவோ பழுப்பாகவோ கறை விட்டிருக்கும். அங்கும் இல்லையென்றால் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களைத்தான் பார்க்க வேண்டும், அது பிளம்பர் வேலை.

கேள்வி: தண்ணீர் ஏற்றி முடித்ததும், மெயின் குழாயையும் ஹீட்டிங் சுற்றையும் இணைக்கும் ஃபில்லிங் லூப் குழாயைக் கழற்ற வேண்டுமா?

பதில்: ஆமாம். இரண்டு திருகையும் மூடிவிட்டுக் கழற்றி, மூடி போட்டு வையுங்கள். ஹீட்டிங் தண்ணீர் குடிதண்ணீரில் கலக்கக் கூடாது என்பதற்காகப் இங்கிலாந்து, வேல்ஸின் 1999 தண்ணீர்ப் பொருத்துதல் விதிகள் கேட்பதும் இதைத்தான். மாட்டியே இருந்து, ஒரு திருகு லேசாக விட்டாலும் மெயின் குழாயின் தண்ணீர் உள்ளே கசிந்து அழுத்தம் ஏறும், அப்போது நல்ல வெசல் இருந்தும் வால்வு கொட்டும். ரேடியேட்டரில் காற்று எடுத்த பிறகு கொஞ்சம் இறங்குவது இயல்பு, ஒருமுறை ஏற்றினால் போதும். இத்தனை வாரம் புதுத் தண்ணீர் போனதால் துருத் தடுப்பு மருந்து நீர்த்துப் போயிருக்கும், பழுது முடிந்ததும் அதையும் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள்.