"40 சதவீதம்" என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. நிமோனியா முற்றி, கிருமித்தொற்று உடல் முழுவதும் பரவி, நான்கு நாட்களாக ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். முதல் நாளைக்கு அடுத்த நாள், "அப்பாச்சி ஸ்கோர் 22, உயிருக்கு ஆபத்து 40 சதவீதம்" என்றார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. துபாயில் இருக்கும் அக்காவை வரச் சொல்லவா?

பதில்: முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவைப் போன்ற நிலையில் சேர்க்கப்பட்ட 100 பேரில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள், 60 பேர் பிழைத்தார்கள் என்பதுதான் அதன் பொருள். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது.

நோய் எவ்வளவு கடுமை என்று அளக்கும் அப்பாச்சி 2 என்ற இந்த முறையை 1985இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். 13 மருத்துவமனைகளில் 5,815 நோயாளிகளைப் பார்த்து உருவாக்கியது. ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என 12 அளவுகள், அவற்றோடு வயது, பழைய நோய்கள். சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் இருந்த மிக மோசமான அளவைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு மருந்து வேலை செய்ததா என்பது அந்த 22இல் இல்லை. உங்களுக்கோ இன்று நான்காம் நாள்!

அதனால் இப்போது கேட்க வேண்டியது சோஃபா ஸ்கோர். நுரையீரல், ரத்தத் தட்டணு (பிளேட்லெட்), கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என்று ஆறும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள்; கூடினால் மோசம். இதைத் தினமும் போடலாம். முதல் 48 மணி நேரத்தில் இது ஏறியவர்களில் பாதிப் பேராவது இறந்ததையும், இறங்கியவர்களில் இறப்பு வெகுவாகக் குறைந்ததையும் 2001இல் பிரசெல்ஸில் செய்த ஆய்வு காட்டியது. நானும் ஒரு நாள் எண்ணை விட, அது போகும் திசையைத்தான் நம்புவேன்.

நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு. கட்டிலோரம் சிறுநீர்ப் பை தொங்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சேர வேண்டும். சிரிஞ்ச் பம்பில் போகும், ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் நோர்அட்ரினலின் மருந்து நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா, வென்டிலேட்டரில் கொடுக்கும் ஆக்சிஜன் சதவீதம் இறங்கியிருக்கிறதா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். மயக்க மருந்தைக் குறைத்தபோது கூப்பிட்டதற்குக் கண் திறந்தாரா என்பதையும் கேளுங்கள். நான்கும் நல்ல பக்கம் நகர்ந்தால் 22 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம். டயாலிசிஸும் தேவைப்பட்டு, ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் அந்த மருந்தும் கூடிக்கொண்டே போனால், மருத்துவரிடம் தனியாக உட்கார்ந்து, "இன்னும் இரண்டு மூன்று நாளில் எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அப்பா நினைவோடு இருந்த காலத்தில் இப்படிப்பட்ட சிகிச்சை தனக்கு வேண்டுமா என்பதைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது எந்த ஸ்கோரிலும் வராது.

அப்புறம், அக்கா. 100இல் 40 என்பது சின்ன ஆபத்து அல்ல. நிலைமை தெளிவாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே டிக்கெட் போடச் சொல்லுங்கள். அவர் வந்து சேரும்போது அப்பா கண் விழித்திருந்தால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறில்லை.